சவ்வும் சாஸ்திரமும்

(தேர்வாய் கண்டிகையில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், எரிபொருள் மின்கலம் என்கின்ற இயந்திரத்தின் நடுவில் வைக்கும் ஒரு மெல்லிய சவ்வைப் பற்றியும், அந்தச் சவ்வை மனிதர்கள் எப்படித் திருத்திக்கொண்டே வருகிறார்கள் என்பதைப் பற்றியும் ஆகும். நோட்டீசைப் பார்த்த சிலர், "சுயமரியாதைக் கூட்டத்தில் சாமியைப் பற்றிப் பேசலாம், ஜாதியைப் பற்றிப் பேசலாம், சவ்வைப் பற்றிப் பேசுவானேன்? இது காலேஜ் வாத்தியார்கள் பேசவேண்டிய சங்கதி அல்லவா?" என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகின்றோம்.

முதலாவது, இந்தச் சங்கதி உங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. 2025 ஜூலையில் நமது பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில் ஹைட்ரஜனால் ஓடும் ரயில் பெட்டியை ஓட்டிப் பரீட்சை செய்தார்கள். 2024 பிப்ரவரியில் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தார் கட்டிய ஹைட்ரஜன் படகை, பிரதம மந்திரி தூத்துக்குடியில் இருந்தபடியே தொடங்கி வைத்தார். இந்திய சர்க்கார் 2023 ஜனவரியில் இந்த ஹைட்ரஜன் காரியத்திற்காக 19,744 கோடி ரூபாய் ஒதுக்குவதாக முடிவு செய்தார்கள். இந்த ஊர்த் தொழிற்பேட்டையில் டயர் செய்கிற மிஷெலின் கம்பெனியார், 2019-ல் பிரான்சு தேசத்தில் வேறொரு கம்பெனியோடு கூடி, வண்டிகளுக்கு எரிபொருள் மின்கலம் செய்வதற்கென்றே சிம்பியோ என்னும் கூட்டுக் கம்பெனியை அமைத்தார்கள். ஆகவே நாளைக்கு இது உங்கள் பிழைப்பையும் நிலத்தையும் தண்ணீரையும் தொடக்கூடிய காரியமாகும்.

இரண்டாவது, நமது நாட்டில் பெரும்பணம் ஒரு காரியத்திற்குள் வந்தால், கூடவே ஒரு புராணமும் வந்து உட்கார்ந்துகொள்ளுகிறது. அகத்திய முனிவர் அந்தக் காலத்திலேயே மின்கலம் செய்தார் என்றும், தண்ணீரை இரண்டு வாயுவாகப் பிரித்தார் என்றும், இதெல்லாம் சம்ஹிதையில் சுலோகமாக இருக்கிறது என்றும் படித்தவர்களே பேசியும் எழுதியும் வருகிறார்கள். அப்படியானால் ஒரு சிறு கேள்வி கேட்கின்றோம். அகத்தியருடைய மின்கலத்தில் என்ன குறை இருந்தது? அது எத்தனை நாள் உழைத்தது? எந்த இடத்தில் முதலில் பழுதாயிற்று? அந்தப் பழுதைச் சரிசெய்தவர் யார்? இதற்கு ஒரு வரி பதிலும் கிடையாது. உண்மையில் ஒரு பொருளைச் செய்தவனிடத்தில் அதன் குறைகளின் ஜாபிதா இருக்கும். செய்யாதவனிடத்தில் ஸ்தோத்திரம் மாத்திரமே இருக்கும்.

நாம் இன்று சொல்லவந்தது சுருக்கமாக இதுதான்: இந்தச் சவ்வு வளர்ந்ததெல்லாம் அதில் குற்றம் கண்டவர்களாலேயே. அந்தக் குற்றம் காணும் உரிமை ஆராய்ச்சி சாலைக்குள்ளே மாத்திரம் போதாது. தேர்வாய் கண்டிகை வீதியிலும் இருக்கவேண்டும்.

எலுமிச்சம்பழமும் புரோட்டானும்

புரோட்டான் என்று சொன்னவுடன் யாரும் பயந்துவிட வேண்டியதில்லை. எலுமிச்சம்பழத்தை நாக்கில் வைத்தால் புளிக்கிறதல்லவா? அந்தப் புளிப்புக்குக் காரணமான வஸ்துதான் புரோட்டான். அது புளியிலும் இருக்கிறது. புளித்த மோரிலும் இருக்கிறது. தண்ணீரில் போட்டால் புரோட்டானை அவிழ்த்துவிடுகிற பொருளையே அமிலம் என்கிறோம். ஹைட்ரஜன் என்று சொல்லும் ஜலவாயுவின் அணுவில் உள்ளவை இரண்டே. நடுவில் ஒரு புரோட்டான். வெளியில் ஒரு எலெக்ட்ரான். எலெக்ட்ரானைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது புரோட்டான்.

நம்மவர்கள் புதிதாக ஒரு வண்டி வாங்கினால், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கித்தான் அதை வீதியில் இறக்குகிறார்கள். ஆயுதபூஜையன்று ஓடுகிற இயந்திரத்தை நிறுத்திப் பொட்டு வைக்கிறார்கள். பழத்தில் உள்ள புரோட்டான் தார் ரோட்டில் வழிந்து வீணாய்ப் போகிறது. வேறொருவனோ அதே புரோட்டானை ஒரு சவ்வின் வழியாக நடத்தி, அதனால் அந்த வண்டியையே ஓட்டுகிறான். இந்த இரண்டு பேரில் யார் எலுமிச்சம்பழத்தின் மகிமையை அறிந்தவர் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டில் பிறந்த வில்லியம் குரோவ் என்பவர் 1839-ல் இதையே திருப்பிக் கேட்டார். "பிரிந்ததை மறுபடி சேர்த்தால் மின்சாரம் திரும்பக் கிடைக்குமா?" கந்தக அமிலத்தில் பிளாட்டினம் தகடுகளை வைத்துச் செய்து பார்த்தார், கிடைத்தது. எரிபொருள் மின்கலத்தின் பிறப்பு இதுதான். இதில் நெருப்பு இல்லை, புகை இல்லை. மிச்சமாக வருவது தண்ணீர்.

இன்றைய மின்கலத்தில் அமிலத் தொட்டிக்குப் பதிலாக ஒரு சவ்வு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. இரண்டு பக்கமும் பிளாட்டினம் தூள் பூசியிருக்கும். ஹைட்ரஜன் வந்து பிளாட்டினத்தில் பட்டதும் புரோட்டான் வேறு, எலெக்ட்ரான் வேறாகப் பிரிகின்றன. சவ்வு புரோட்டானுக்கு வழி விடுகிறது, எலெக்ட்ரானுக்கு விடுவதில்லை, வாயுக்கள் இரண்டையும் கலக்கவும் விடுவதில்லை. வழி கிடைக்காத எலெக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகவேண்டியதாகிறது. அப்படிச் சுற்றிப் போகும்போதுதான் நமக்கு மோட்டார் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. அந்தப் பக்கத்தில் புரோட்டானும் எலெக்ட்ரானும் ஆக்சிஜனோடு கூடித் தண்ணீராகின்றன. ஒரு கலத்தில் கணக்குப்படி 1.23 வோல்ட் வரவேண்டும். வேலை செய்யும்போது வருவது 0.6, 0.7 வோல்ட்தான். ஆகையால் நூற்றுக்கணக்கான கலங்களை அடுக்கி ஒரு வண்டியை ஓட்டுகிறார்கள்.

"ஒன்றை உள்ளே விட்டு இன்னொன்றைத் தடுக்கிறதே, அப்படியானால் இந்தச் சவ்வும் ஒரு வருணாசிரமம்தானோ?" என்று ஒரு தோழர் வேடிக்கையாகக் கேட்டார். தடுப்பதில் குற்றமில்லை, தோழரே. காரணமில்லாமல் தடுப்பதில்தான் குற்றம். எலெக்ட்ரானை ஏன் தடுக்கிறாய் என்று இந்தச் சவ்வைக் கேட்டால், எலெக்ட்ரான் ஓடுவதற்கான அமைப்பு என்னிடத்தில் இல்லை என்று அளந்து காட்டும் காரணம் அதனிடத்தில் இருக்கிறது. அந்தத் தடையால் எல்லாருக்கும் விளக்கு எரிகிறது. கிணற்றிலும் கோயிலிலும் மனிதனை மனிதன் தடுத்தானே, அதற்கு என்ன அளவு காட்டினான்? அந்தத் தடையால் எந்த வீட்டில் விளக்கு எரிந்தது?

வக்கீலும் கடைக்காரரும்

இதே 1839-ல் நடந்த இன்னொரு காரியம், டயர் செய்கிற இந்த ஊருக்குச் சொந்தமான சங்கதி. அதுவரையில் ரப்பர் என்பது வெயிலில் பிசின்போல் உருகி, குளிரில் ஓடுபோல் உடையும் உதவாத சரக்காக இருந்தது. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால் அந்த இரண்டு குறையும் போய்விடுகின்றன என்று அந்த வருஷத்தில் கண்டார். ரப்பர் என்பது நூல்போல் நீண்ட மூலக்கூறுகளின் சிக்கல். கந்தகம் அந்த நூல்களுக்கு நடுவில் குறுக்கே முடிச்சுப் போடுகிறது. முடிச்சு விழுந்தபின் இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சேரும். டயர் தொழிற்சாலையில் வேலை செய்யும் தோழர்களுக்கு நாம் இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

நூல்போல் நீண்ட இப்படிப்பட்ட பொருளுக்குத்தான் பாலிமர் என்று பெயர். நமது சவ்வும் ஒரு பாலிமர். அதிலும் கந்தகம் இருக்கிறது. ஆனால் வேறு உத்தியோகம் பார்க்கிறது. ஆக்சிஜனோடு கூடி அமிலக் கொத்தாக நூலில் தொங்கிக்கொண்டு, தண்ணீர் பட்டதும் புரோட்டானை அவிழ்த்துவிடுகிறது. ரப்பரைத் தெரிந்த தொழிலாளிக்குச் சவ்வு பக்கத்து வீட்டுச் சங்கதியேயாகும்.

இதில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டுகின்றோம். குரோவ் வக்கீல் தொழிலுக்குப் படித்தவர். பின்னால் ஜட்ஜாகவும் இருந்தவர். குட்இயர் இரும்புச் சாமான் வியாபாரம் செய்து நொடித்துப் போனவர். கடனுக்காகச் சிறைக்கும் போனவர். இரண்டு பேரில் ஒருவரும் "இது உன் குலத்தொழில் அல்ல, தூரப் போ" என்று விரட்டப்படவில்லை. அந்தந்த ஜாதி அந்தந்தத் தொழில் என்று அவர்களையும் கட்டிப் போட்டிருந்தால், வக்கீல் வக்கீலாகவும் கடைக்காரர் கடைக்காரராகவும் செத்திருப்பார்கள். உலகத்திற்கு மின்கலமும் இல்லை, டயரும் இல்லை. நமது நாட்டில் எத்தனை குரோவ்களை மாடு மேய்க்க விட்டோமோ, எத்தனை குட்இயர்களைக் குப்பை அள்ள விட்டோமோ, கணக்குப் போட்டவர் யார்?

குறை கண்டு திருத்திய கதை

இனிச் சவ்வின் கதைக்கு வருவோம். 1955-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை செய்த தாமஸ் கிரப் என்பவர், அமிலத் தொட்டியை எடுத்துவிட்டு அமிலக் கொத்து ஏற்றிய பாலிமர் சவ்வை வைத்தார். அந்த மாதிரி மின்கலம் 1965-ல் ஜெமினி 5 என்னும் விண்கலத்தில் ஏறிற்று. எட்டு நாள் பயணத்திற்கு அதுதான் மின்சாரம் கொடுத்தது. ஆனாலும் சவ்வு உள்ளுக்குள்ளேயே அரித்துக் கரைந்ததால், கலத்தில் உண்டான தண்ணீர் குடிக்க லாயக்கில்லாமல் போயிற்று. விண்ணுக்கே போய்வந்த பொருளாயிற்றே, அதைக் குறை சொல்லலாமா என்று அவர்கள் கும்பிட்டுக்கொண்டு உட்காரவில்லை. ஏன் கரைகிறது என்று கேட்டார்கள்.

டூபாண்ட் கம்பெனியில் வால்தர் குரோட் என்பவர் 1960-களில் அதற்கு ஒரு மாற்றுக் கண்டார். உங்கள் வீட்டில் தோசை ஒட்டாத கல்லில் பூசியிருக்கும் டெஃப்லான் என்ற பொருளை எதுவும் லேசில் அரிக்காது. அந்த முதுகெலும்பில் கந்தக அமிலக் கொத்துகளைக் கிளையாகத் தொங்கவிட்டார். அதற்கு நாஃபியான் என்று பெயர். இன்றைக்கும் எந்தப் புதுச் சவ்வைச் செய்தாலும் அதோடு ஒப்பிட்டுத்தான் மார்க்குப் போடுகிறார்கள்.

அப்படிப்பட்ட நாஃபியானிலும் குறைகள் உண்டு. அவற்றில் தலையானது, தண்ணீர் இல்லாமல் அதற்கு வேலை ஓடாது. வீட்டுக்குத் தளம் போடும்போது ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைக்குக் கை மாற்றுவதைப் பார்த்திருக்கிறீர்கள். ஆள் இருந்த இடத்திலேயே இருக்கிறான். சட்டிதான் மேலே போகிறது. சவ்வுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் இப்படித்தான் வரிசையாக நின்று புரோட்டானைக் கைமாற்றுகின்றன. இந்தக் கைமாற்றுக் கருத்துக்கு முதல் உருவம் கொடுத்தவர் குரோட்டஸ் என்னும் வாலிபர். அது 1806-ஆம் வருஷம். வெப்பம் 80 டிகிரியைத் தாண்டி 100-ஐ நெருங்கினால் தண்ணீர் ஆவியாகிறது, வரிசையில் ஆள் குறைகிறது, சட்டி நின்றுவிடுகிறது. சூட்டை ஏற்றாமலே இருந்துவிடலாமே என்றால் அதிலும் தொல்லை. குறைந்த சூட்டில், ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு 10 லட்சத்தில் 10 பங்கு கலந்திருந்தாலும் அது பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கிறது.

இதைத் திருத்தப் போனவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். சவ்வை மெல்லியதாக்கினால் புரோட்டான் சீக்கிரம் கடக்கும். பழைய சவ்வு 180 மைக்ரான் கனம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதை 25 மைக்ரானுக்கும் கீழே கொண்டுவந்தார்கள், தலைமயிரைவிட மெல்லியது. உடனே வேறு குறை வந்தது. வாயு கசிகிறது, சவ்வு கிழிகிறது. அதற்காகத் துளைகள் நிறைந்த டெஃப்லான் வலையை உள்ளே வைத்துப் பலப்படுத்தினார்கள். அமிலக் கொத்துகளை அதிகமாக்கினால் புரோட்டான் அதிகம் போகும். ஆனால் சவ்வு தண்ணீரில் போட்ட அப்பளம்போல் ஊதிப்போகிறது. ஊதாமல் இருக்க, ரப்பருக்குப் போட்டதுபோல் குறுக்கு முடிச்சுப் போட்டார்கள். முடிச்சு மிஞ்சினால் சவ்வு விறைத்து உடைகிறது. ஈரத்தைப் பிடித்துவைக்க மணல் இனத்தைச் சேர்ந்த சிலிக்காத் துகளைக் கலந்தார்கள். அளவு மிஞ்சினால் துகளே வழியை அடைக்கிறது. கலத்திற்குள் உண்டாகும் பெராக்சைடு சவ்வைக் கடிக்கிறது என்று கண்டு, அதை அடக்கச் சீரியம் என்ற உலோகத்தைச் சேர்த்தார்கள். அது அதிகமானால் புரோட்டான் உட்காரவேண்டிய இடத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறது.

தண்ணீரே வேண்டாம் என்று வேறு வழியில் போனவர்களும் உண்டு. பாலிபென்சிமிடசோல் என்ற பாலிமரில் பாஸ்பாரிக் அமிலத்தை ஊறவைத்து, அதைக் கொண்டே புரோட்டானைக் கைமாற்றச் செய்தார்கள். அமெரிக்காவில் 1995-ல் வெளியான இந்தச் சவ்வு 120 முதல் 180 டிகிரி வரை வேலை செய்கிறது. விஷவாயுவையும் ஓரளவு தாங்குகிறது. அதன் குறை, ஊறிய அமிலம் நாளடைவில் கசிந்து போவது.

இந்தக் கதையில் ஒவ்வொரு திருத்தமும் ஒரு புதுக் குறையைக் கொண்டுவந்திருக்கிறது. ஒவ்வொரு குறையும் ஒரு புதுத் திருத்தத்தைக் கொண்டுவந்திருக்கிறது. நேற்று ஒருவர் சொன்னதை இன்று இன்னொருவர் தப்பென்று அச்சுப் போட்டு வெளியிடுகிறார். அதற்காக யாரும் நாத்திகன் என்று தூற்றுவதில்லை. நரகத்திற்குப் போவாய் என்று மிரட்டுவதுமில்லை. தப்பைக் காட்டியவனுக்கு அடுத்த பரீட்சைக்கு இடம் கொடுக்கிறார்கள். நமது மனு தர்மத்தைக் குறை சொன்னவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டுச் சவ்வு

"இதெல்லாம் வெள்ளைக்காரன் செய்தது, நம்மால் ஆகுமா?" என்று கேட்கலாம். ஆகும், ஆகிக்கொண்டும் இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்கு 1948-ல் அடிக்கல் போட்டு 1953-ல் திறந்தார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். செட்டிநாட்டுப் பணம் கோபுரங்களுக்கும் கும்பாபிஷேகங்களுக்கும் எவ்வளவு போயிற்று என்பது ஊரறிந்தது. அந்தக் கோபுரங்கள் கட்டி முடித்த நாளில் எப்படி இருந்தனவோ, அதற்கு மேல் ஒரு அறிவும் அவற்றிலிருந்து புறப்படவில்லை. இந்த 15 லட்சமோ இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

காரைக்குடி நிலையத்தின் சென்னைக் கிளையில் நாஃபியானோடு சிலிக்காவைக் கலந்தும், வேறு பாலிமர்களைக் கொண்டும் சவ்வுகள் செய்து பார்த்தார்கள். அவற்றில் ஒன்றில் கைட்டோசான் என்ற பொருள் சேர்ந்திருந்தது. அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? எறா ஓட்டிலிருந்தும் நண்டு ஓட்டிலிருந்தும் வருகிறது. நமக்குப் பக்கத்தில் பழவேற்காட்டில் எறாவை உரித்துவிட்டுக் குப்பையில் கொட்டுகிறார்களே, அந்த ஓடுதான். பலத்திலும் உழைப்பிலும் அது நாஃபியானுக்கு ஈடாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் குப்பையில் கிடந்ததை எடுத்து, எவ்வளவு புரோட்டானைக் கடத்துகிறது, எத்தனை டிகிரியில் கெடுகிறது என்று அளந்து பார்க்கும் புத்தி எங்கே; கங்கா ஜலம் என்று சொம்பில் அடைத்து, ஒருபோதும் அளந்து பார்க்காமல் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் புத்தி எங்கே? தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவிலும் எரிபொருள் மின்கலத்திற்கென்றே ஒரு மத்திய அரசு நிலையம் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து பஸ் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேரக்கூடிய தூரம்தான்.

ஆராய்ச்சி சாலைக்கு வெளியே உள்ள குறை

தோழர்களே! இனிச் சொல்லப்போவதை ஊன்றிக் கேட்கவேண்டுகின்றோம். இதுவரை சொன்ன குறைகளை விஞ்ஞானிகள் தங்கள் மேசையிலேயே கண்டார்கள். ஒரு குறையை மாத்திரம் ஆற்றுத் தண்ணீர் குடிக்கிற ஜனங்கள் கண்டார்கள்.

அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் கேப் ஃபியர் என்று ஒரு நதி. அதன் கரையில் நாஃபியான் செய்கின்ற தொழிற்சாலை. நதியின் கீழ்ப்பக்கத்தில் வில்மிங்டன் நகரத்தார் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். தொழிற்சாலைக் கழிவிலிருந்து ஃப்ளோரின் சேர்ந்த பொருள்கள் குடிநீரில் கலந்திருப்பது 2017-ல் பத்திரிகை மூலம் ஊருக்குத் தெரிந்தது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் நகர ஜனங்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, நாஃபியான் செய்கையில் கழிவாக வரும் ஒரு பொருள் ஏறக்குறைய எல்லாரிடத்திலும் இருந்தது. டெஃப்லான் இனப் பொருளை எதுவும் அரிக்காது என்று சொன்னோமல்லவா? கலத்துக்குள் அது பெருமை. ஆற்றில் கலந்துவிட்டால் அதுவே கேடு. ஏனென்றால் மண்ணும் வெயிலும் கிருமியும் அதை அழிக்க முடியாது. 2023-ல் ஜெர்மனி, நெதர்லாந்து முதலிய ஐந்து ஐரோப்பிய நாடுகள் இந்த இனச் சரக்குகளையே கட்டுப்படுத்தவேண்டும் என்று யோசனை சொல்லின. சவ்வு செய்கிற கம்பெனியார் தங்களுக்கு விலக்கு வேண்டுமென்று கேட்டார்கள். ஆகவேதான் ஃப்ளோரின் இல்லாத சவ்வைத் தேடும் வேலை இப்போது மும்முரமாகிறது. கைட்டோசானுக்கும் பாலிபென்சிமிடசோலுக்கும் இதனாலேயே மதிப்பு.

இதை இங்கே சொல்வானேன்? உங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு ஏரி இருக்கிறது. கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. 50 கோடி கனஅடி தண்ணீர் பிடிக்கும். சென்னை அதைக் குடிக்கிறது. ஒரு பக்கம் குடிநீர் ஏரி, ஒரு பக்கம் தொழிற்பேட்டை. இங்கேயுள்ள எந்தத் தொழிற்சாலைமேலும் நாம் குற்றம் சாட்ட வரவில்லை. ஆனால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்துப் பதில் தெரிந்துகொள்ள முடியாது. கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். உங்கள் மேய்க்கால் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது நீங்கள் வாய் திறந்து கேட்டீர்கள், போராடினீர்கள். மாடு மேய்ந்த நிலத்திற்காகக் கேட்ட வாய், பிள்ளைகள் குடிக்கும் தண்ணீருக்காகக் கேட்கக் கூசவேண்டியதில்லை.

ஹைட்ரஜனும் ஒரு சாமியல்ல

பழைய சாமியை இறக்கிவிட்டு ஹைட்ரஜனைப் பீடத்தில் ஏற்றுவதும் நமது வேலை அல்ல. ஹைட்ரஜன் வானத்திலிருந்து வந்து விழுவதில்லை. உலகத்தில் இப்போது செய்யும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. அதில் கரியமிலவாயுவும் வெளியேறுகிறது. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கவேண்டுமானால் குறைந்தது 9 லிட்டர் தண்ணீரும் 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் வேண்டும். அந்த ஒரு கிலோவை மின்கலத்தில் விட்டால் திரும்பி வருவது உத்தேசமாக 16, 17 யூனிட். 50 கொடுத்து 17 வாங்குவது எங்கே நியாயம் என்றால், பாட்டரியால் இழுக்க முடியாத நெடுந்தூர ரயில், கப்பல், பார வண்டி ஆகிய இடங்களில் இருக்கலாம். வீட்டு ஸ்கூட்டருக்குப் பாட்டரியே போதும். சிம்பியோ கம்பெனியில் பங்கு வாங்கியிருந்த ஸ்டெல்லாண்டிஸ் என்ற மோட்டார் கம்பெனியார், 2025 ஜூலையில் தங்கள் ஹைட்ரஜன் வண்டித் திட்டத்தையே கைவிட்டார்கள். கணக்குச் சரிப்படவில்லை என்றதும் விட்டுவிட்டார்கள். அறிவுள்ளவன் தான் பிடித்ததை விடவும் தெரிந்தவனாக இருப்பான்.

நாம் செய்யவேண்டியது

ஆகையால் இந்த ஊராருக்கு மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கின்றோம்.

ஒன்று, ஏரித் தண்ணீரையும் ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் குறித்த காலத்தில் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்து வாசலில் ஒட்டவேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். எந்தப் புதுத் தொழிற்சாலை வந்தாலும், என்ன சரக்குச் செய்வாய், என்ன கழிவு விடுவாய், அது எத்தனை நாளில் அழியும் என்று கேளுங்கள். கேள்விக்குக் கோபித்துக்கொள்பவரைச் சற்று நிதானித்தே நம்புங்கள்.

இரண்டு, உங்கள் பிள்ளைகளைக் காவல் வேலைக்கும் கூட்டித் துடைக்கும் வேலைக்கும் மாத்திரம் அந்த வாசலுக்குள் அனுப்பிவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். ரசாயனம் படிக்க வையுங்கள். பெண்பிள்ளைகளைக் கட்டாயம் படிக்க வையுங்கள். வயதுக்கு வந்துவிட்டாள் என்று ஒரு பெண்ணை வீட்டில் நிறுத்துகிறவர், நாளைக்கு ஃப்ளோரின் இல்லாத சவ்வைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு மூளையை அடுப்படியில் அடைக்கிறார். திருவிழாவில் வாணவேடிக்கைக்கு வசூலிக்கிற பணத்தை ஒரு வருஷம் நிறுத்தினால், உங்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீரைப் பிரித்துக் காட்டும் கருவியும் சேர்த்துக் காட்டும் கருவியும் வாங்கலாம்.

மூன்று, வீட்டுக்குள் இருக்கும் பழக்கங்களையும் இதே மாதிரி பரீட்சை மேசையில் ஏற்றுங்கள். இது எதற்காக வந்தது, யாருக்குப் பிரயோஜனம், யாருக்கு நஷ்டம், எந்தச் சூட்டில் கெடுகிறது என்று கேளுங்கள். தாங்கினால் வைத்துக்கொள்ளுங்கள், தாங்காவிட்டால் தள்ளுங்கள். பழமையானது என்பதற்காக ஒரு சவ்வைக் கலத்தில் வைப்பவன் கிடையாது. பழமையானது என்பதற்காக ஒரு சாஸ்திரத்தை மனிதன் தலையில் வைப்பானேன்?

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட்டுப் போகவேண்டாம். தரமணிக்கும் காரைக்குடிக்கும் எழுதிக் கேளுங்கள். பள்ளிக்கூட வாத்தியாரைக் கேளுங்கள். டயர் தொழிற்சாலையில் இருக்கும் நம் தோழர்களைக் கேளுங்கள். நமது பேச்சில் குறை கண்டால் தாராளமாக எழுதியனுப்புங்கள். அது நியாயமாயிருந்தால் இதே பத்திரிகையில் வெளிவரும்.